சுவருக்குள் மீன் வாடை

லவோன்: ...இழுத்துட்டுத்தான் போவேன்னா, முதல்ல என்னை இழுத்து வெளிய போடு. அப்புறம் இந்தச் சக்கர வீட்டை இழு.

மெர்வின்: அம்மா, நான் எதையும் இழுக்க வரலை. என் வண்டியப் பாருங்க. பின்னாடி கொக்கியே கிடையாது.

லவோன்: நோட்டீஸ்ல அப்படித்தானே இருக்கு? "டிரெய்லரை விற்பனையாளரிடம் ஒப்படைக்கவும். மூன்று வாரம் ஆகலாம்." மூணு வாரம் நான் எங்க படுக்கறது? மரத்து மேலயா?

மெர்வின்: அது ஊருக்கெல்லாம் ஒரே மாதிரி அடிச்சு அனுப்பற கடுதாசி. லீவுக்கு மட்டும் டிரெய்லரை எடுத்துட்டுப் போறவங்களுக்குச் சரிப்படும். இதுலயே குடியிருக்கறவங்க வீட்டுக்கே போய்ச் சரி பண்ண கம்பெனி என்னை அனுப்புது.

லவோன்: ஒயர்ல கோளாறுன்னு வித்த டிரெய்லரைத் திரும்பக் கூப்பிடறாங்களாம், திரும்ப! ஏழு வருஷம் கழிச்சு. பெத்துப் போட்டுட்டு ஓடினவ, புள்ளை வளந்தப்புறம் வந்து கூப்பிடற மாதிரி.

மெர்வின்: ஹஹ்... இதை அப்படியே கம்பெனியில சொல்லிடறேன். இப்ப உள்ள விடுவீங்களா?

லவோன்: பேரு என்ன சொன்ன?

மெர்வின்: மெர்வின் லாம்ப்ரைட்.

லவோன்: லாம்ப்ரைட்டா? குதிரை வண்டி ஜனங்களாச்சே! உங்க சபைக் கட்டுப்பாட்டுல வீட்டுக்குக் கரண்ட்டே கூடாது. நீ வந்து என் வீட்டுக் கரண்ட்டைச் சரி பண்ணப் போறியா?

மெர்வின்: பத்தொன்பது வயசு வரைக்கும் நான் ஒரு சுவிட்ச் போட்டதில்லம்மா. அப்புறம்தான் சபையை விட்டு வெளிய வந்தேன். கரண்ட்டைப் பாத்து இன்னும் பயப்படற மெக்கானிக் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான். அது உங்களுக்கு நல்லதுதானே?

லவோன்: ம்ம்... வாய் இருக்கு. பூட்ஸைக் கழட்டிட்டு வா.

மெர்வின்: நன்றிம்மா. ஆனா ஒண்ணை மறைக்க மாட்டேன். முன்னாடியே சொல்லிடறேன். சுவத்துக்குள்ள ஒயர் மட்டும் கெட்டிருந்தா, இங்கயே மாத்திடுவேன். மரச் சட்டம் உள்வரைக்கும் கருகியிருந்தா...

லவோன்: இருந்தா?

மெர்வின்: இதுல யாரும் படுக்கக் கூடாது. இழுத்துட்டுப் போறதுக்கு நானே போன் பண்ணணும். அது சட்டம்.

லவோன்: தம்பி, டிரெய்லர் நிறுத்தற இந்த கேம்ப்லயும் ஒரு சட்டம் இருக்கு. சக்கரம் உருண்டா இடம் போச்சு. ஒரே ஒரு நாள் காலியா கிடந்தாலும் அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க. நாப்பது பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. என் வீட்டுக்காரர் எர்ல் செத்ததும் வீட்டை வித்துட்டு நேரா இங்க வந்தேன். இந்த ஆத்தங்கரையில இருபத்தாறாம் நம்பர்... அவ்வளவுதான் என் ஊரு. இது போனா நான் போறதுக்கு இடமில்ல.

மெர்வின்: புரியுது. பாத்துடலாம். பாக்காம பயந்து என்ன பண்றது.

லவோன்: நீதானே கரண்ட்டுக்குப் பயப்படறவன். எனக்குத் தைரியம் சொல்ல வந்துட்டான்.

மெர்வின்: வெளிய கம்பத்துல பிளக்கைப் பிடுங்கிட்டேன். உள்ள பிரேக்கர் பெட்டி எங்க... இதா? அம்மா, இது என்ன, மூணாவது சுவிட்ச் மேல கறுப்பு டேப் சுத்தியிருக்கு?

லவோன்: அதைத் தொடாதே. பக்கத்து இடத்து ஹார்லன் ஒட்டினது. டிசம்பர்ல.

மெர்வின்: எதுக்குப் போற சுவிட்ச் இது?

லவோன்: படுக்கைச் சுவத்துல இருக்கற பிளக்குக்கு. நான் ஹீட்டர் மாட்டற இடம். ஒரு நாள் வந்தான். "அக்கா, இது சரியில்ல, தொடவே தொடாதீங்க"ன்னான். அவன் கம்பத்துலேர்ந்து தடியா ஒரு ஒயரை இழுத்து, ஜன்னல் வழியா விட்டு, என் ஹீட்டருக்குக் குடுத்தான். குளிர்காலம் முழுக்க அவன் கரண்ட்டுலதான் படுத்திருந்தேன்.

மெர்வின்: எலக்ட்ரீஷியனா அவர்?

லவோன்: டிரெய்லர் கம்பெனி ஆளு. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், இந்தியானாவுல. இதைக் கட்டினதே அவங்க கம்பெனிதான். இந்த கேம்ப்ல பாதிப் பேர் அப்படித்தான். பகல்ல டிரெய்லர் கட்டறாங்க, ராத்திரி டிரெய்லர்ல தூங்கறாங்க.

மெர்வின்: சரி, கட்டிலை இப்படித் தள்ளிக்கறேன்... இந்தப் பலகைக்கு நாலு திருகுதான்... வருது, வருது... ஓ.

லவோன்: என்ன "ஓ"? ஏப்பா, டாக்டருங்கதான் "ஓ"ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்குவாங்க. நீ சொல்லிடு.

மெர்வின்: குனிஞ்சு பாருங்க. இந்த வெள்ளை ஒயர் தெரியுதா? அது ஆடாம இருக்க, சட்டத்தோட சேத்து வளைஞ்ச ஸ்டேப்பிள் ஆணி அடிப்பாங்க. ஒயர் மேல சும்மா உக்காந்தாப் போதும். இது உள்ள இறங்கிடுச்சு. ஒயரோட தோலைக் கிழிச்சுட்டு. நீங்க ஹீட்டர் போடறப்பல்லாம் இந்த இடம் கொதிச்சிருக்கு.

லவோன்: மரம் கறுப்பா இருக்கே.

மெர்வின்: உள்ளங்கை அகலம். உங்க தலைகாணிக்கு நேரா.

லவோன்: ...ஆண்டவரே.

மெர்வின்: கத்தியால சுரண்டிப் பாக்கறேன். மேல்தோல் மட்டும் கருகியிருந்தா, அடியில நல்ல மரம் வெள்ளையா வரும். மூச்சு விடுங்கம்மா.

லவோன்: வெள்ளை வரட்டும், விடறேன்.

மெர்வின்: கறுப்பு... கறுப்புதான்... கொஞ்சம் பழுப்பு...

லவோன்: சீக்கிரம் சொல்லேன்ப்பா!

மெர்வின்: இருங்க... இருங்க... வந்துடுச்சு. பாருங்க! ரொட்டி மாதிரி வெள்ளை.

லவோன்: அப்ப...

மெர்வின்: சக்கரம் உருளாதும்மா. இங்கயே முடிச்சுடறேன். அழறீங்களா?

லவோன்: இல்ல. கண்ணுல மரத்தூள்.

மெர்வின்: தூள் இந்தப் பக்கம்தான் விழுந்துது.

லவோன்: வேலையப் பாரு. ருபார்ப் தண்டை மாவுக்குள்ள வெச்சுப் பை சுட்டு வெச்சிருக்கேன். இழுக்க வந்திருந்தா உனக்குக் கிடைச்சிருக்காது.

ஹார்லன்: லவோன் அக்கா! வாசல்ல யாரு வேன்? ஆம்பளை பூட்ஸ் வேற கிடக்கு... நான் போயிட்டு அப்புறம் வரட்டுமா?

லவோன்: வாப்பா, வா. கேம்ப் பூராவும் கேக்கற மாதிரிக் கத்து. இவர் மெர்வின். கம்பெனி அனுப்பின ஆளு. உன் பூட்ஸையும் கழட்டு.

ஹார்லன்: கழட்டினா வாடை வரும்.

லவோன்: உன் வாடை எனக்குப் புதுசா?

மெர்வின்: என்ன வாடை?

லவோன்: அதை ஏன் கேக்கற. போன அக்டோபர், சால்மன் மீன் ஆத்துல ஏறி வர்ற சமயம். கேம்ப் முழுக்க மீன் கழுவறானுங்க. படுத்தா எனக்குத் தலைமாட்டுல மீன் நாத்தம். இவன்தான் குடலை என் ஜன்னலுக்கு அடியில கொட்டறான்னு ஒரு மாசம் சண்டை.

ஹார்லன்: ஒரு வாளி சோப்புத் தண்ணியை என் தலையில ஊத்தினாங்க தம்பி.

லவோன்: தரையில ஊத்தினேன். நீ குறுக்க நின்ன.

மெர்வின்: அம்மா... சூடான ஒயர் தோல்தான் மீன் மாதிரி நாறும்.

லவோன்: இப்பத் தெரியுது. ஆத்தங்கரையில மீன் நாறினா எவ போய் சுவத்தை மோந்து பாப்பா?

மெர்வின்: யாரும் பாக்கலை. நாலு ஜில்லாவுல சுத்திட்டேன். ஊருக்குள்ள இருந்தவங்க எல்லாம் சீக்கிரம் கண்டுபிடிச்சுட்டாங்க. ஆத்தங்கரை, ஏரிக்கரை ஆளுங்க மட்டும் பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டிக்கிட்டே படுத்திருக்காங்க.

ஹார்லன்: கேட்டுக்கோங்க அக்கா. எனக்கு மன்னிப்பு பாக்கி.

லவோன்: பை தர்றேன். மன்னிப்பு அதுக்குள்ளயே இருக்கு.

மெர்வின்: ஹார்லன் அண்ணே, அந்த டேப் ஒட்டினது நீங்கதானே? எப்படித் தெரிஞ்சுது?

ஹார்லன்: அது... சும்மா சர்க்கரை கேக்க வந்தேன். உள்ள நுழைஞ்சதும் வாடை அடிச்சுது. இருபது வருஷமா ஒயரோட கிடக்கறவன் இல்லையா. மூக்குக்குத் தெரிஞ்சுடும்.

மெர்வின்: அப்பவே பலகையைக் கழட்டியிருக்கலாமே?

ஹார்லன்: கழட்டினா? "நீங்கதான் கை வெச்சுக் கெடுத்தீங்க"ன்னு கம்பெனிக்காரன் கையை விரிச்சுடுவான். சுவத்தை அப்படியே விட்டுட்டு, கரண்ட்டை மட்டும் நிறுத்தினேன்.

மெர்வின்: அம்மா, நான் இங்க வந்து செய்யறது ரெண்டாவது வேலைதான். முதல் வேலையை இவர் டிசம்பர்லயே செஞ்சுட்டார். இன்னும் ரெண்டு குளிர் ராத்திரி ஹீட்டர் ஓடியிருந்தா நான் வெள்ளை மரத்தைப் பாத்திருக்க மாட்டேன்.

லவோன்: ...கேட்டியா ஹார்லன்?

ஹார்லன்: கேக்கலை. எனக்குப் பெரிய துண்டா வெட்டுங்க.

மெர்வின்: புது ஒயர் போட்டாச்சு. மேல தகரம் மூடியாச்சு. இப்ப அரை மணி நேரம் ஹீட்டரை முழுசா ஓட விட்டு, சுவரு சுடுதான்னு பாக்கணும்.

ஹார்லன்: ஜூன் மாசத்துல ஹீட்டரா? பையோட சேந்து நாமளும் வெந்துடுவோம்.

லவோன்: வெந்தாலும் சரி. போடு தம்பி. என் சுவரு சுடாம இருக்கறதை நான் பாக்கணும்.

மெர்வின்: போட்டாச்சு... அப்பா, இந்தப் பை என்ன இப்படிப் புளிக்குது!

லவோன்: ருபார்ப் புளிக்காம? முகத்தைச் சுளிச்சா ரெண்டாவது துண்டு வரும்.

மெர்வின்: சுளிக்கலை, சுளிக்கலை. எத்தனை வீட்டுல கதவையே திறக்க மாட்டேன்னாங்க தெரியுமா? நீங்க பையே குடுக்கறீங்க. இதுவரைக்கும் அறுபத்தி மூணு சுவரைத் திறந்துட்டேன். பத்தொன்பது சுவரு உள்ள கறுப்பு.

லவோன்: பத்தொன்பதா?

மெர்வின்: ஒண்ணுல அந்தச் சுவத்தை ஒட்டி அடுக்குக் கட்டில். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, சின்னப் புள்ளைங்க. அவங்க அம்மா சுவரைத் தொட்டுப் பாத்துட்டு ரெண்டு பேரையும் தூக்கிக்கிட்டு வெளிய ஓடினாங்க. யாரோ ஒரு புண்ணியவான், கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வாஷிங்டன்ல இருக்கற சர்க்கார் ஆபீஸுக்கு ஒரு கடுதாசி போட்டிருக்கார். அதுலதான் எல்லாம் ஆரம்பிச்சுதாம். அந்த ஆள் யாருன்னு தெரிஞ்சா கையைப் பிடிச்சுக் கும்பிடுவேன்.

ஹார்லன்: கும்பிடுவியா? நான் கையை முறிப்பேன்.

மெர்வின்: ஏன் அண்ணே?

ஹார்லன்: பதினோரு வாரம் டிரெய்லர் கட்டற லைனை மூடிட்டாங்க. இருநூறு பேர் வீட்டுல உக்காந்தோம். எங்கயோ சோபாவுல சாஞ்சுக்கிட்டு எவனோ ரெண்டு வரி கிறுக்கறான், இங்க எங்க அடுப்பு அணையுது. கோள் சொல்லிப் பய.

லவோன்: ஹார்லன்...

ஹார்லன்: விடுங்க அக்கா. துணி துவைக்கற லாண்டரி ரூம்ல போய்க் கேளுங்க. எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. நான் கொஞ்சம் சத்தமாச் சொல்றேன்.

மெர்வின்: அண்ணே, அந்த அடுக்குக் கட்டில்ல உங்க புள்ளைங்க படுத்திருந்தா?

ஹார்லன்: பை நல்லா இருக்கு அக்கா.

லவோன்: எனக்கு வேண்டாம். என் துண்டையும் நீயே சாப்பிடு.

மெர்வின்: சரி, அரை மணி ஆச்சு. வாங்கம்மா. பயப்படாம கையை வைங்க. இங்க... இன்னும் கீழ.

லவோன்: ...ஜில்லுனு இருக்கு.

மெர்வின்: இனிமே அப்படித்தான் இருக்கும்.

லவோன்: இருபத்தாறாம் நம்பர்ல நான் இருந்துக்கலாமா?

மெர்வின்: உங்களுக்கு அலுத்துப் போற வரைக்கும். இங்க ஒரு கையெழுத்து. வாசல்ல இந்த ஸ்டிக்கரை ஒட்டறேன். யார் கேட்டாலும் வேலை முடிஞ்சுதுன்னு இது சொல்லும்.

லவோன்: மெர்வின் தம்பி... உனக்கு நான் எப்படி நன்றி சொல்றது? எழுபத்திரண்டு வயசுல மறுபடி ஒரு வீடு குடுத்துட்டுப் போற.

மெர்வின்: வீடு ஏற்கெனவே உங்களுதும்மா. நான் சுவரைத்தான் மூடினேன். வர்றேன். ஆறு மணிக்குள்ள இன்னும் ரெண்டு சுவரு இருக்கு. ஹார்லன் அண்ணே, வர்றேன்.

ஹார்லன்: நல்லபடியாப் போ தம்பி. ...நல்ல பையன். வேலையும் சுத்தம்.

லவோன்: ஹார்லன், போகாதே. உக்காரு.

ஹார்லன்: ஹீட்டரை நிறுத்திட்டு உக்காரவா?

லவோன்: நிறுத்திட்டு உக்காரு. விளையாடாதே. உனக்கு நன்றி சொல்லணும். ஆனா முதல்ல வேற ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு நீ என் வாசல்ல கால் வைக்காமப் போனாலும் போ.

ஹார்லன்: என்னக்கா, பயமுறுத்தறீங்க.

லவோன்: டிசம்பர்ல ஆறு உறைஞ்சு போச்சு. ஒரு மீன் கிடையாது, ஒருத்தனும் தூண்டில் போடலை. ஆனா என் தலைமாட்டுல மட்டும் அதே நாத்தம். அன்னிக்குத்தான் சுவரைத் தொட்டுப் பாத்தேன். சுட்டுது.

ஹார்லன்: ...ம்.

லவோன்: லைப்ரரிக்குப் போய்க் கேட்டேன். அங்க இருந்த பொண்ணு வாஷிங்டன் விலாசம் எழுதிக் குடுத்தா. ராத்திரி உக்காந்து ரெண்டு பக்கம் எழுதினேன். பேர் போடலை. டிரெய்லர் நம்பர், கட்டின வருஷம், வாடை, சுவரு... எல்லாம் எழுதினேன்.

ஹார்லன்: அக்கா...

லவோன்: குறுக்கப் பேசாதே, அப்புறம் எனக்கு வராது. மறுநாள் தபால் போடப் போறப்ப லாண்டரி ரூம்ல உங்க கம்பெனி ஆளுங்களோட பொண்டாட்டிங்க பேசிக்கிட்டு இருந்தாங்க. கிறிஸ்துமஸுக்கு எந்தப் புள்ளைக்கு என்ன வாங்கறதுன்னு. இந்தக் கடுதாசி போனா அந்த லைன் நின்னுடும்னு எனக்குத் தெரியும். அதை விட, எழுதினது நான்னு தெரிஞ்சா இந்த கேம்ப்ல என்னோட எவளும் பேச மாட்டா. இடம் இருந்தும் ஊரு இருக்காது. பயந்துட்டேன் ஹார்லன். கடுதாசியைக் கிழிச்சுட்டேன். அங்கயே குப்பைத் தொட்டியில போட்டுட்டேன். நான் ஒரு கிழவி, எரிஞ்சா எரியறேன்னு சொல்லிக்கிட்டேன். அந்த அடுக்குக் கட்டில் புள்ளைங்களைப் பத்தி நினைக்கவே இல்ல. என்னை விடத் தைரியமான யாரோ ஒருத்தர் அப்புறம் எழுதியிருக்கார். தினம் அவருக்காக ஜெபம் பண்றேன், தினம் வெக்கமா இருக்கு. நீ அவரைத் திட்டறப்பல்லாம்... திட்ட வேண்டியது என்னைத்தான். சொன்னதுக்காக இல்ல, சொல்லாததுக்காக.

ஹார்லன்: எத்தனை துண்டாக் கிழிச்சீங்க?

லவோன்: என்னது?

ஹார்லன்: கடுதாசியை. எத்தனை துண்டு?

லவோன்: நாலு. எதுக்குக் கேக்கற?

ஹார்லன்: அஞ்சு. முதல் பக்கத்து மூலை மட்டும் தனியா வந்துடுச்சு.

லவோன்: ...ஹார்லன்? உனக்கு எப்படி...

ஹார்லன்: அன்னிக்கு அந்தத் தொட்டியில காசுக்குப் போட காலி டப்பா பொறுக்கிக்கிட்டு இருந்தது நான்தான் அக்கா. வேற யாரும் எழுதலை. வாஷிங்டன் போனது உங்க கடுதாசிதான், துண்டுகளை ஒட்டினது மட்டும் நான். இந்த ஊர்த் தபால் முத்திரை விழக் கூடாதுன்னு கலாமஸூ டவுன் வரைக்கும் போய்ப் பெட்டியில போட்டுட்டு, நேரா இங்க வந்து உங்ககிட்ட சர்க்கரை கேட்டேன். லைனை மூடின அன்னிக்கு முதல் ஆளாத் திட்டினதும் நான்தான்... பக்கத்து இடத்துக்காரன் இவ்வளவு திட்டறான்னா இருபத்தாறாம் நம்பர் பக்கம் யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்கன்னு. ரெண்டாம் பக்கத்துக் கடைசியில, "இதைக் கட்டினவர்கள் என் அக்கம்பக்கத்தார், நல்லவர்கள், அவர்களைத் தண்டிக்காதீர்கள்"னு எழுதியிருந்தீங்க, ஞாபகம் இருக்கா? உங்க வண்டியைக் கட்டின வருஷம், காலையில அஞ்சு மணிக்கு நுழைஞ்சு, பதினெட்டு வண்டி முடிஞ்சா மீன் பிடிக்க ஆத்துக்கு ஓடிடலாம்னு, படுக்கைச் சுவத்துக்கெல்லாம் அவசர அவசரமா ஸ்டேப்பிள் அடிச்சது நான் அக்கா. நான் அடிச்ச ஸ்டேப்பிளால யாரும் சாகாமக் காப்பாத்தினது உங்க கடுதாசி... நன்றி நான்தான் சொல்லணும், ஆறு மாசமா எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் கத்திக்கிட்டு இருக்கேன்.